நாயின் கண் அழுத்தத்தை அளக்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எதற்கு?

ஒரு சொட்டு மருந்து விட்டுச் சில நொடிகளில் முடிந்துவிடும் பரிசோதனைக்கும், விலங்கு ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். சிகிச்சைக்காக அளந்தால் பயன் அந்த நாய்க்கே போய்ச் சேரும். ஆய்வுக்காக அளக்கும்போது, தனக்கு நேரடிப் பயன் இல்லாத ஒன்றை, மறுத்துப் பேச முடியாத ஓர் உயிர் நமக்காகப் பொறுத்துக்கொள்கிறது. வளர்ப்பவரின் கையொப்பமும் தேவைதான், ஆனால் அது குழுவின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

முதுநிலைப் படிப்பில் என் ஆய்வுத் திட்டத்தைக் கொடுத்தபோது நானும் உங்களைப் போலவே நினைத்தேன். நாயை யார், எப்படிப் பிடிப்பார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். 'தகுந்த முறையில் கட்டுப்படுத்தப்படும்' என்று ஒற்றை வரியில் முடித்திருந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்தாலும் இமையை விரலால் அழுத்தித் திறந்தாலும் கண் அழுத்தம் ஏறிவிடும். நலமான நாய்க்கு ஏறத்தாழ 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அளவு, பிடித்த கையின் முரட்டுத்தனத்தாலேயே அந்த வரம்பைத் தாண்டக்கூடும். பட்டையைக் கழற்றி, தாடையைக் கீழிருந்து தாங்கி, விரலைக் கண்குழியின் எலும்பு விளிம்பில் மட்டும் ஊன்றி இமையை விலக்குவது என்று திட்டத்தைத் திருத்தினேன். திமிறுகிற நாயை அன்றைக்கு விட்டுவிடுவது என்றும் சேர்த்தேன். நாயின் நலனுக்காகக் கேட்ட கேள்விதான் என் அளவுகளையும் காப்பாற்றியது.

மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தையும் எத்தனை முறை விடுவீர்கள் என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப விட்டால் அது கருவிழியின் மேற்படலத்தைக் கெடுத்து, புண் ஆறுவதைத் தாமதமாக்கும்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1944இல் வந்த டிரேஸ் சோதனையில் வேதிப்பொருளை முயலின் கண்ணில் இட்டு எரிச்சலை மதிப்பிட்டார்கள். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள், விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி என்ற மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். இன்று இறைச்சிக்கூடத்திலிருந்து பெறும் மாட்டுக் கருவிழியிலேயே கடும் எரிச்சலூட்டும் பொருள்களை இனங்காண முடிகிறது.

சிகிச்சையின்போது ஏற்கெனவே பதிவான அளவுகளை மட்டும் தொகுக்கப்போகிறீர்கள் என்றால், முழு ஒப்புதல் தேவையில்லை என்று பல குழுக்கள் விலக்குக் கடிதம் தருவதுண்டு. அதையும் வேலையைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது.