அரைப்பேர்

ஐயாவுக்கு வணக்கம்,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். 2011 முதல் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்க, காயவிட, மூடை தூக்க என்று எல்லாம் செய்தார். இப்போது முதுகு ஏலாது என்று இராக்காவலுக்குப் போட்டு, சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். "படுத்துக் கிடக்கிறதுதானே" என்கிறார் முதலாளி. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. "இங்கயும் அரைப்பேர்தான்" என்று சிரித்துவிட்டு ரோச்சை எடுத்துக்கொண்டு போகிறார். சுரண்டல் என்றால் என்னவென்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எளிய புத்தகம் ஏதும் சொல்வீர்களா?

ஒரு வாசகன்

தம்பி,

புத்தகத்தை விடும். அப்பா சொன்ன சொல்லை எழுதிவிட்டு, அது என்ன சொல் என்று அவரிடம் கேட்காமலே அடுத்த வரிக்குப் போயிருக்கிறீர். அதுதான் எனக்குக் கோபம். தேயிலைத் தோட்டத்தில் நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அது குறைந்தால், பகல் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைநாள் சம்பளந்தான். அதுதான் அரைப்பேர். இருபது வயதுக்குள் படித்த பாடத்தை, ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் போனபிறகு, வேறு மண்ணில், வேறு முதலாளியிடம் கண்டு பெயரும் சொல்கிறார் மனிதர். நீர் அவருக்கு விளங்கப்படுத்தப் போகிறீராக்கும்!

ஆலையில் ஊழியர் சேமலாப நிதி, அதுதான் ஓய்வுகாலத்துக்கான சேமிப்பு, கட்டினார்களா என்று ஒரு வரி இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு முதலாளி இன்னும் 3 வீதம். கட்டவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடும். வாசிக்கத் தெரிந்த மகனுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

'படுத்துக் கிடக்கிறதுதானே.' இதுதான் என்னை எழுத வைத்தது. என்னைப் பெற்ற ஐயாவும் முத்தையன்கட்டில் மாரி நெல் விளையும் காலபோகம் முழுக்க வேறொருவரின் வயலுக்குப் பன்றிக்காவல் இருந்தவர். வரம்போடு கயிறு இழுத்து, வெறும் பால்பேணிகளைக் கட்டி, மறுநுனியைக் கால் பெருவிரலில் முடிந்துகொண்டு கொட்டிலில் சரிந்திருப்பார். கண் சொருகினாலும் கால் இழுத்தபடி இருக்கும். விடியப் பனியோடு வயல்காரர் வந்து முதலில் வரம்பைத்தான் பார்ப்பார். குளம்படி கண்டால், "நல்ல நித்திரை போல." சூடு அடித்தபிறகு கூலி நெல்லில் ஒரு மூடை குறையும். காணாவிட்டால், "பண்டி இந்தப் பக்கம் வரேல்லைப் போல." அப்படியென்றால் ஐயா வேலையே செய்யவில்லை!

முதலாளி வாங்குவது ஒரு கிழவரின் நித்திரையை. அதற்கு ஏன் அரை விலை? பகலில் படுக்கலாமே என்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே, வைகாசி வெயிலில் ஒருநாள் அவர்கள் படுத்துப் பார்க்கட்டும்.

ஐயா காவலை விட்டுப் பல வருடங்களின் பிறகும், ஒரே பாயில் படுக்கும் எனக்கு விடியப்புறம் முழங்காலில் உதை விழும். எப்போதும் வலது கால்.