தோல்முட்டையும் பக்கத்துத் தெருக் கோழிகளும்

கேள்வி: திருவொற்றியூரில் வீட்டுக்குப் பின்புறம் எட்டுப் பெட்டைகளும் இரண்டு சேவல்களும் வளர்க்கிறேன். பழைய சோறும் ரேஷன் அரிசியும்தான் தீனி. மூன்று வாரமாக இரண்டு பெட்டைகள் கெட்டி ஓடில்லாத தோல்முட்டை இடுகின்றன. கடையில் கொடுத்த கால்சியம் டானிக் ஒரு பாட்டில் தீர்ந்தும் பலன் இல்லை. வேறு எந்த டானிக் வாங்கலாம்? பக்கத்துத் தெருவில் போன வாரம் நான்கு கோழிகள் கழுத்து திருகிச் செத்தன. எங்கள் கோழிகள் நன்றாகவே மேய்கின்றன.

பதில்: எந்த டானிக்கும் வேண்டாம், அம்மா. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவை. அரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். ஓட்டின் பெரும்பகுதி கோழி தீனி எடுக்காமல் அடைந்திருக்கும் இரவில்தான் உருவாகிறது. காலையில் ஊற்றிய டானிக் அதுவரை உடலில் காத்திருக்காது. உளுந்து அளவுக்கு உடைத்த கிளிஞ்சலோ இரைப்பையில் தங்கி விடியும்வரை சிறிது சிறிதாகக் கரையும். அதைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய பெட்டை வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து மட்டும் பொறுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. கழுத்து திருகிச் சாவது பெரும்பாலும் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல்தான். முட்டை ஓடு மெலிவதும் அந்நோயில் உண்டு என்பதால் உங்கள் தோல்முட்டையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். வைரஸால் வரும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. கடைக்காரர் அள்ளித்தரும் ஆன்டிபயாடிக் பொடி வைரஸை ஒன்றும் செய்யாது. தெரிந்தே அதை விற்பவர்கள் உங்கள் பயத்தைத்தான் காசாக்குகிறார்கள். வந்தபின் காக்க வழியில்லாத நோய்க்கு, வருமுன் போடும் தடுப்பூசி ஒன்றே துணை.

எட்டு வாரம் கடந்த கோழிக்கு இறக்கையின் தோலுக்கடியில் அரை மில்லி ஆர்.2.பி. தடுப்பூசி போட வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ், சூடு பட்டால் செத்துவிடும். மே மாத வெயிலில், ஐஸ் இல்லாமல் செய்தித்தாளில் சுற்றி ஒரு கடைக்காரர் குப்பியை நீட்டியதையும், அதை வாங்கியவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது அந்தக் குப்பியில் தடுப்பூசி என்று எதுவும் மிஞ்சியிருக்காது. பிறகு கோழி செத்தால் பழி தடுப்பூசிமேல் விழும். ஆகவே தெர்மாஸ் குடுவையில் ஐஸ் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். கூடவே தரும் கரைப்பானில் மட்டும் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் வைரஸைக் கொன்றுவிடும். ஊசி போடும்போதும் குப்பி ஐஸ் கிண்ணத்திலேயே இருக்கட்டும், உள்ளங்கையில் பிடித்திருக்க வேண்டாம். கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு குப்பி நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ வரும். மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. எனவே தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லோரும் பேசி, கோழிகள் அடைந்தபின் ஒரே மாலையில் போட்டுவிடுங்கள். உங்களுக்குக் கை பழகவில்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்; பிப்ரவரியில் இதற்கென்றே இருவார முகாம் நடக்கும். ஆனால் இப்போது அதுவரை காத்திருக்கக் கூடாது.

நலமாக உள்ள கோழிகளுக்கு மட்டுமே ஊசி போட வேண்டும். அதன்பின் சில நாள் முட்டை குறையலாம், அஞ்ச வேண்டாம். எதிர்ப்புத்திறன் ஏற இரண்டு வாரம் ஆகும். அதுவரை கோழிகளை வெளியே மேயவிடாதீர்கள். இதற்கிடையில் ஒன்று செத்தால் கால்வாயில் வீசாமல், பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் வைத்து மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் எந்த நோய் என்று தெரியும். பக்கத்துத் தெருவுக்குப் போட்டுப்போன செருப்போடு மட்டும் கோழிக்கூண்டுப் பக்கம் போகாதீர்கள்.