பசுவின் வாயில் வீணீர்: பனங்கொட்டையா, விசரா?

கேள்வி: ஐயா, ஒரு மாதத்துக்கு முன் எங்கட பசுவை ஒரு தெருநாய் மூஞ்சியில் கடித்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச, காயம் ஆறிவிட்டது. இப்ப மூன்று நாளாகத் தீன் எடுக்குதில்லை. வாயால் வீணீர் நூல்நூலாய் வடியுது, குரலும் அடைச்சுப் போச்சு. பனங்கொட்டை சிக்கியிருக்குமெண்டு கையை விட்டுப் பார்த்தேன், ஒண்டும் இல்லை. நேற்றுவரை பாலும் கறந்தோம். என்ன மருந்து கொடுக்கலாம்? (வரணியிலிருந்து ஒரு கமக்காரர்)

பதில்: இது விசர்நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். பசுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் கை. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிந்திவிட்டதே என்று விடவேண்டாம். அப்படியே சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ இன்றைக்கே போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். விரலில் மண்வெட்டிக் கீறலோ முள்ளுக் குத்தோ இருந்திருந்தால், வீணீர் பட்டது கடி பட்டதற்குச் சமம். ஊசி எத்தனை, எந்த எந்த நாளில் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடித்தவர், வாய் துடைத்துவிட்டவர் எல்லோரும் கூடப் போகவேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், விசர்நோய் என்றே கொண்டு நடக்கவேண்டும். பனங்காய்க் காலத்தில் கொட்டை சிக்குவதும் நடப்பதுதான். ஆனால் அது மேய்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென வரும். கொஞ்ச நேரத்தில் வயிறு ஊதும், மாடு மற்றப்படி தெளிவாக நிற்கும். விசரில் குரல் கம்மி, ஓயாமல் கத்தும். சினைக்குக் கத்துகிறது என்றும் நினைத்துவிடுவார்கள். சும்மா நின்று முக்கும், பின்னங்கால் தள்ளாடும், சிலது முட்ட வரும். தண்ணீரைக் கண்டு மிரளவில்லை என்பதை வைத்து ஏமாறவேண்டாம். மாடு வாளிக்குள் வாயை வைக்கும், விழுங்கத்தான் முடியாது.

கிருமி நாயின் எச்சிலோடு காயத்துக்குள் போய், நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூஞ்சியில் கடித்தால் மூளை கிட்ட. காலில் கடித்தால் மாதக்கணக்கிலும் ஆகலாம். காயம் ஆறியது ஒரு கணக்கே இல்லை. மூளையைப் பிடித்த பிறகு அங்கிருந்து நரம்பு வழியே எச்சில் சுரப்பிக்கு இறங்கும். அதே நேரம் தொண்டை செயலிழப்பதால் எச்சிலை விழுங்க வழியில்லாமல் வெளியே வடிகிறது. நீங்கள் கை வைத்தது அதில்தான். கிருமி மூளைக்குப் போகுமுன் ஊசி போட்டால் மறிக்கலாம். நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகு மாட்டுக்கும் மருந்தில்லை, மனிதருக்கும் இல்லை. கடித்த அன்றே காயத்தைச் சவர்க்காரத்தால் கழுவி, மாட்டுக்கும் ஊசி போட்டிருந்தால் காப்பாற்ற வாய்ப்பிருந்தது. இந்த விஷயத்தில் மஞ்சளை நான் நம்புவதில்லை.

பசுவைக் கொட்டிலில் தறியோடு கட்டி, பிள்ளைகளையும் நாய் பூனையையும் அண்டவிடாதீர்கள். கறப்பதை நிறுத்துங்கள், கன்றைப் பிரித்துவிடுங்கள். பிரதேச அரச கால்நடை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் மாடு விழுந்துவிடும். இறந்தால் தோலை உரிக்கவோ இறைச்சியை எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். கால்நடை வைத்தியர் சொன்னால் தலை மட்டும் ஐஸில் வைத்து, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்குப் போகும். அந்தத் தலையில் நீங்கள் கை வைக்கவேண்டாம். உடலை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், தண்ணீர் கீழே இலேசாய் இறங்கும். ஆகவே கிணற்றுக்குத் தள்ளியே கிடங்கு வெட்டுங்கள்.

காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள் பயப்படத் தேவையில்லை, காய்ச்சும் சூட்டில் கிருமி செத்துவிடும். பச்சையாய்க் குடித்தவர் இருந்தால் வைத்தியரிடம் சொல்லட்டும். உங்களிடம் பால் வாங்கிய வீடுகளுக்கும் சங்கடம் பாராமல் தெரிவியுங்கள்.

அந்த நாய் வேறு எதைக் கடித்தது என்று அயலில் விசாரியுங்கள். கடிபட்ட ஆடு, மாடு இன்னும் சுகமாய் நின்றால், அவற்றுக்கு ஊசி போட இன்னும் நேரமிருக்கலாம். கால்நடை வைத்தியர் வரும்போதே காட்டுங்கள். வீட்டு நாய்க்கு இந்த வருட ஊசி போட்டாயிற்றா என்று அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.