தேதி தாண்டியாச்சு, வலி வரவில்லை: கேள்வி பதில்

கேள்வி: தலைப்பிரசவம். 40 வாரம் 3 நாள் ஆகிறது, வலியே இல்லை. 41 வாரம் முடிந்ததும் அட்மிட் செய்து வலி வர வைக்கலாம் என்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா டாக்டர்?

பதில்: உங்களுக்குக் கொடுத்த தேதி எப்படி வந்தது என்பதை முதலில் பாருங்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்ற கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவர்களுக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு 35 நாள் என்றால் தேதி ஒரு வாரம் தள்ளும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதன் தேதியை நம்புங்கள். பிழை 5 முதல் 7 நாள்தான். ஒன்பதாம் மாத ஸ்கேன் தேதியோ மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகும். அது காட்டுவது குழந்தையின் அளவை, வயதை அல்ல.

தேதி சரி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரி, அசைவு வழக்கம்போல இருக்கிறது என்றால் 41 வரை தாராளமாகப் பொறுக்கலாம். பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, அழுத்தமோ சர்க்கரையோ இருந்தாலோ இந்தப் பதில் செல்லாது.

கேள்வி: 41ல் அப்படி என்ன மாறுகிறது?

பதில்: ஒரே நாளில் எதுவும் மாறுவதில்லை. நஞ்சுக்கொடியின் வேலை மெல்லக் குறையும், பனிக்குட நீரும் குறையும். வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து 37 வாரத்தில் சுமார் 10,000க்கு 1. 42 வாரத்தில் சுமார் 1,000க்கு 3. அப்போதும் மிகப் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் ஏறுமுகம் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் 41 வாரம் தாண்டியவர்களுக்கு வலி தூண்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2020ல் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 544 பேருக்குத் தூண்டினால் ஒரு குழந்தையின் இறப்பு தவிர்க்கப்படுகிறது என்று தெரிந்தது. இந்த எண் உங்களுக்குப் பெரிதா சிறிதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: வலி ஊசி போட்டாலே கடைசியில் சிசேரியன்தான் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தானாக வலி வந்தவரோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றும். 41 வாரத்தில் உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி: தூண்டுவது, அல்லது காத்திருப்பது. காத்திருப்பவர்களில் சிலருக்கு 42லும் வலி வராது. இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், தூண்டியவர்களுக்கு சிசேரியன் கூடவில்லை. சற்றுக் குறைந்தே இருந்தது.

"என் பிஷப் ஸ்கோர் எவ்வளவு?" என்று கட்டாயம் கேளுங்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவாக இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்துக்கும் சேர்த்து 13 மதிப்பெண். 8 அல்லது மேல் என்றால் வாய் பழுத்திருக்கிறது, அதாவது பிரசவத்துக்குத் தயார். 6 அல்லது கீழே என்றால் முதலில் பழுக்க வைக்க வேண்டும். வாய் காயாக இருக்கும்போதே நேரடியாக வலி தூண்டும் மருந்தை (ஆக்ஸிடோசின்) ட்ரிப்பாக ஏற்றுவதும், பொறுமையில்லாமல் "தோல்வி" என்று அறிவிப்பதும்தான் பல சிசேரியன்களுக்குக் காரணம். தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைத்து ட்ரிப் ஏற்றிய பிறகு 12 முதல் 18 மணி நேரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னென்ன செய்வார்கள், வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: வாய் பழுக்காவிட்டால் இரண்டு வழி. நுனியில் பலூன் உள்ள ஃபோலி குழாயைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு அந்தப் பலூனில் 30 முதல் 60 மில்லி நீர் ஏற்றுவார்கள். வாய் 3 செ.மீ. அளவு திறந்ததும் அதுவே நழுவி வெளியே வரும். அல்லது கர்ப்பப்பை வாயைப் பழுக்க வைக்கும் மிசோபிரோஸ்டால் மருந்து 25 மைக்ரோகிராம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கக் கொடுப்பார்கள். பிறகு பனிக்குடத்தை உடைத்து, தேவைப்பட்டால் ஆக்ஸிடோசின் ட்ரிப். கடைசி மிசோபிரோஸ்டாலுக்கும் ட்ரிப்புக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். நெருக்கினால் வலி எல்லை மீறும். பத்து நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் குழந்தைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ட்ரிப்பைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். முழுவதற்கும் ஒன்று இரண்டு நாள் ஆகலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். எனக்கும் இதே முறையா?

பதில்: மிசோபிரோஸ்டால் கூடவே கூடாது, பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. பலூனும், கவனமாக ஏற்றும் ட்ரிப்பும் சிலருக்குப் பொருந்தும். உடனே அறுவை செய்யும் வசதி உள்ள இடத்தில் மட்டும்.

கேள்வி: விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா?

பதில்: வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடம்பில் நீர் வற்றியபடி பிரசவத்துக்குப் போவீர்கள்.

கேள்வி: 41 ஆகிவிட்டது. நான் இன்னும் சில நாள் காத்திருக்க விரும்புகிறேன். மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம், அது உங்கள் உரிமை. வாரம் இருமுறை குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவும், பனிக்குட நீர் அளவும் பாருங்கள். நீரின் ஆழமான பகுதி 2 செ.மீ.க்குக் கீழே போனால் காத்திருப்பது முடிந்தது. இன்றைய பதிவு நன்றாக இருப்பது இன்றைய நிலையை மட்டுமே சொல்லும், அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை. 42ஐத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: நேற்றிலிருந்து அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. நாளை செக்கப் இருக்கிறது, அப்போது சொன்னால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படித்ததும் கிளம்புங்கள், இரவானாலும் சரி.