மெலியும் நாய்க்குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பம் நண்பருக்கு வணக்கம். பிறந்து 9 நாளான ஐந்து குட்டிகளில் ஒன்று மட்டும் மெலிகிறது, பசும்பால் கொடுக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரமே ஒன்றைக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றால் போகும். முதலில் அதன் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் எதுவும் ஊட்டாதீர்கள், குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது. முதல் இரண்டு வாரம் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. கடலூர் வெயிலிலும் இரவில் ஃபேன் காற்று நேராகப் பட்டால் போதும், விறைத்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடேறியதும் பின்பக்கக் காம்பில் நீங்களே பிடித்து வையுங்கள். பால் அதிகம் அங்கேதான், கொழுத்த குட்டிகள் விடாது. சப்ப வலுவில்லை என்றால் நாய்க்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்கள். குப்புற வைத்தே ஊட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், பாவம்.

தினமும் சமையலறைத் தராசில் நிறுங்கள். எடை குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

குடல் பூச்சி மருந்து இரண்டாவது வாரத்தில் தொடங்க வேண்டும், தாய்க்கும் சேர்த்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் 8 வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். வலிக்காமல் கடிக்கக் குட்டி பழகுவது கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான். கொடுக்கும்போது முதல் தடுப்பூசிச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.