ஐ.நா.வில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள் மகள்

"உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும், அதற்காக ஐ.நா.வில் வேலை செய்யப் போகிறேன்" என்கிறாள் மகள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவள் நினைத்திருக்கும் பாதை வேறு, உண்மையான பாதை வேறு.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். 2000-ஐ ஒட்டி ஐ.நா.வில் வகுத்த மில்லினியம் வளர்ச்சி இலக்குகளில் இரண்டாவது, எல்லாக் குழந்தைகளும் தொடக்கக் கல்வியை முடிக்க வேண்டும் என்பது. பல நாடுகள் பள்ளிக் கட்டணத்தையே எடுத்துவிட்டன, சேர்க்கை கிடுகிடுவென்று ஏறியது. சரி, சேர்ந்தவர்கள் படித்தார்களா? பத்து வயதுக் குழந்தையிடம் நாலு வரிக் கதையைக் கொடுங்கள். தடதடவென்று வாசித்துவிடும். "ஆடு எங்கே போச்சு?" என்று கேட்டால் நம் முகத்தையே பார்க்கும். எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத இந்த நிலைக்கு உலக வங்கி 2019-ல் 'கற்றல் வறுமை' என்று பெயர் வைத்தது. 2022-ல் அது சொன்ன மதிப்பீடு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் பத்து வயதினரில் சுமார் 70 சதவீதம்.

அந்த இலக்குகளுக்கு அடுத்தபடியாக 2015-ல் 193 நாடுகள் ஏற்ற 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் நான்காவது 'தரமான கல்வி'. கெடு 2030. தலையை எண்ணினால் மட்டும் போதாது, தலைக்குள் என்ன ஏறியது என்றும் அளக்க வேண்டும் என்றாகிவிட்டது. வேலை பிறப்பது இங்கேதான். வாசிப்புத் தேர்வு வடிவமைப்பவர், கணக்கெடுப்புக்கு மாதிரி எடுக்கும் புள்ளியியல்காரர், வீட்டில் பேசும் மொழியில் பாடநூல் எழுதுபவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர், செலவுக் கணக்குப் போடும் பொருளாதாரக்காரர். கவனித்தீர்களா, 'வளர்ச்சி நிபுணர்' என்று இதில் யாருமே இல்லை.

அதனால் இளநிலையில் புள்ளியியல், பொருளாதாரம், மொழியியல், கல்வியியல் இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். 'சர்வதேச வளர்ச்சி' என்ற பட்டம் முதுநிலைக்குக் காத்திருக்கும். நடுவில் இரண்டு வருடம் வகுப்பறையில் பாடம் நடத்தட்டும். (இது என் பிடிவாதம். கரும்பலகை முன்னால் நிற்காதவர் எழுதிய திட்டம் படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.)

இந்தத் துறையில் ஒப்பந்தங்கள் குறுகியவை, பணம் கொடையாளி நாடுகளின் கையில். 2025-ல் அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் யுஎஸ்எய்ட் அமைப்பை மூடியபோது உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன. கையில் புள்ளியியல் இருந்தால் சுகாதாரக் கணக்கெடுப்புக்கோ வங்கிக்கோ நகர்ந்துவிடலாம். வெறும் ஆர்வத்தை வைத்துக்கொண்டு எங்கே நகர்வது?

ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வுக்கு 32 வயதுக்குள் ஒரு பட்டமும் ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாகவும் வேண்டும். அந்த ஆண்டுக்கான பட்டியலில் உங்கள் நாடு இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். ஐ.நா.வின் தலைமைச் செயலகத்தில் வேலை பழகும் பயிற்சியாளராகச் சேர்ந்தால் சம்பளம் கிடையாது, தங்கும் செலவு உங்கள் தலையில். அப்புறம், ஆள் எடுக்க ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் கேட்காது. யாராவது 'பதிவுக் கட்டணம்' என்றால் போனை வைத்துவிடுங்கள்.

இந்த விடுமுறையில் தெரிந்த குழந்தைகள் நாலு பேரிடம் அந்த ஆட்டுக் கதையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் சொல்லாத குழந்தை ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குக் குடையத் தோன்றினால் எழுதுங்கள், கல்லூரிப் பட்டியல் போடலாம்.