பாத எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 68, நெடுநாள் சர்க்கரை நோயாளி. பாத எரிச்சலுக்காக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் தந்தார்கள். அது மனநோய் மாத்திரை என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து தொட மறுக்கிறார். சாப்பிட்ட பத்து நாளும் வாய் வறண்டது, காலையில் தள்ளாடியது என்கிறார். தொடரலாமா?

பதில்: பக்கத்து வீட்டார் சொன்னது பாதி உண்மை. 1961 முதல் மனச்சோர்வுக்குப் பயன்பட்டுவரும் ட்ரைசைக்ளிக் வகை மருந்துதான் இது. ஆனால் அதற்கு இதைவிடப் பல மடங்கு அளவு தேவைப்படும். 10 மில்லிகிராம் என்பது, சர்க்கரையால் பழுதான நரம்புகள் அனுப்பும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துவதற்கான தொடக்க அளவு. எரிச்சல் குறையச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பத்து நாளில் பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

காலைத் தள்ளாட்டத்துக்கு ஒரு காரணம் தூக்கக் கலக்கம். படுக்கும்போது போடுவதை எட்டு மணிக்கே போட்டால் பெரும்பாலும் தணியும். மற்றொன்று, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை புறவாசலில் இருக்கும். நள்ளிரவில் விருட்டென்று எழுந்து, தார்சாவிலிருந்து இறங்கும் கற்படியில் கால் வைக்கும் நொடியில்தான் இடுப்பெலும்பு முறிகிறது. கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு எழச் சொல்லுங்கள். வாய் வறட்சிக்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் போதும். பனங்கற்கண்டை அடக்கிக்கொள்வது நம்மவர் வழக்கம்தான்; பனையில் வந்தாலும் சர்க்கரை சர்க்கரையே. வியர்வையையும் இம்மருந்து குறைக்கும் என்பதால் அக்னி நட்சத்திர வெயிலில் வயலுக்குப் போகாமலிருப்பது நல்லது.

மீண்டும் தொடங்குமுன் மருத்துவரிடம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்: அண்மையில் மாரடைப்பு வந்ததா, இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, கண்ணழுத்த நோய் உண்டா, சிறுநீர் தயங்கித் தயங்கி வருகிறதா என்பவை. கடைசியதை இந்த வயது ஆண்கள் கூச்சத்தால் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். இசிஜி எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சளி மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, மது ஆகியவை இதனுடன் சேரக்கூடாது.

பத்து நாளில் விட்டதால் கேடில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டபின் நிறுத்துவதானால் மருத்துவர் சொற்படி சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் மிட்டாய் என்றெண்ணி இதில் சிலவற்றை விழுங்கினால் வலிப்பும் இதயத் துடிப்புத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையை அலமாரியில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, குழந்தை நன்றாக விளையாடினாலும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மீதமுள்ள அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.